மூலையைப் பார்க்கிறவள்

முதலில் மூலையைத்தான் பார்ப்பாள் ஸ்மாரோ. இடது கையில் யாருடைய கடைவாய்ப் பல்லோ இருக்கும், வலது கையில் போன். படத்தில் இருப்பது யார், என்ன வண்ணம் என்பதெல்லாம் பிறகு. இரண்டு விரலால் கீழ்மூலையைப் பெரிதாக்கி, வரைந்தவரின் கையெழுத்து இருக்கிறதா, இல்லை யாராவது அதை மட்டும் நறுக்கிவிட்டார்களா என்று தேடுவாள். நறுக்கியிருந்தால் தீர்ந்தது. "திருட்டுப் பய! மூலைய வெட்டியிருக்கான் பாரு வாசோ!" என்று என்னிடம் கத்துவாள். பீங்கான் பல் செய்யும் எங்கள் கூடத்தில் அப்போது யாரும் வாயைத் திறக்கமாட்டோம்.

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்தில் அவளைப் போலப் பல்லுக்கு நிறம் சேர்க்கிறவர்கள் குறைவு. புகைபிடிக்கிறவர் பல்லின் மஞ்சளைக்கூடப் பொருத்திவிடுவாள். காலையில் தின்ற புகாட்சா பலகாரத்தின் சர்க்கரைப் பொடி மாலை வரை சட்டையில் இருக்கும். அக்காள் மகளின் ஞானஸ்நானத்தில் எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் கன்னிமரியாள் படத்தின் மூலையில் மூக்கை ஒட்டிவைத்து வரைந்தவர் பெயரைத் தேடினாள். பாதிரியார் மந்திரத்தை நிறுத்திவிட்டு முறைத்தார்.

இரண்டு கப்பல் தலைவிகளைப் பற்றிய ஒரு கார்ட்டூன் தொடர்மேல் அவளுக்குப் பைத்தியம். ரசிகர்கள் அதற்கு வரையும் படங்களைத் திரட்டிப் போடும் பக்கம் ஒன்றை நடத்துகிறாள். பல நாட்டுப் பைத்தியங்கள் அங்கே வருகின்றன. எல்லோருக்கும் இவளைக் கண்டால் கொஞ்சம் பயம். கேட்காமல் ஒரு படமும் போடமாட்டாள், போட்டவர்களைச் சும்மா விடவும் மாட்டாள். "கீழ பேர் போட்டேனேங்கிறானுங்க. என் சட்டையத் திருடி மாட்டிக்கிட்டு, முதுகுல 'இது ஸ்மாரோ சட்டை'ன்னு எழுதிக்கிட்டா சரியாயிடுமா?"

டேக் விஷயத்தில் இன்னும் கறார். படத்தின் கீழே ஒட்டும் அந்தச் சின்ன அடையாளச் சொல்லைத் தேடுகிற எவர் கண்ணிலும் படம் போய் விழுந்துவிடும். டேக்கே இல்லாமல் ஒருவர் படம் போட்டிருந்தால்? "கதவ ஒருக்களிச்சு வச்சிருக்காங்கடி. தட்டிட்டுத்தான் உள்ள போகணும். பதில் வரலைன்னா வேண்டாம்னு அர்த்தம்."

இந்த வசந்தத்தில் அவள் அப்படித்தான் ஒரு கதவைத் தட்டினாள். டேக் இல்லாத படம். இரு தலைவிகளும் ஒரே போர்வைக்குள் நெற்றியோடு நெற்றி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வரைந்தவள் ஏதோ புனைபெயர் வைத்திருந்தாள், ஊர் என்ற இடத்தில் 'ரோடோபி' என்று மட்டும். நம் வடக்கு மாவட்டத்துப் பெண் என்று ஸ்மாரோவுக்கு ஒரே பெருமை. கிரேக்கத்தில் கேட்டாள், கீழே ஆங்கிலத்திலும். பதில் உடனே ஆங்கில எழுத்தில் வந்தது: "நே, மெர்சி."

கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம். 'மெர்சி' என்றால் நன்றி. ஸ்மாரோ படத்தைப் போட்டாள். தொடரின் பெயர், தலைவிகளின் பெயர் என்று டேக் ஒட்டினாள். வடக்குப் பெண்ணுக்கு ஊரில் பெயர் கிடைக்கட்டும் என்று 'ரோடோபி'யையும் ஒட்டினாள்.

மறுநாள் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தவள் போனை என் பக்கம் நீட்டினாள். "இது என்ன மொழிடி? திட்டுறாளா?"

நான் வாழ்க்கைப்பட்டது பல்கேரியக் குடும்பத்தில். படித்ததும் கையிலிருந்த பல்லை மேசையில் வைத்தேன். "ஸ்மாரோ, ரோடோபி மலை எல்லைக்கு அந்தப் பக்கம் பல்கேரியாவுலயும் இருக்குடி. இவ அங்க உள்ளவ. அவங்க பேச்சுல 'நே'ன்னா இல்ல. வேண்டாம், நன்றின்னு சொல்லியிருக்கா."

தலையை மேலே தூக்கி நாக்கால் 'ச்சு' கொட்டியிருந்தால் எல்லையின் இரு பக்கத்திலும் அது மறுப்புத்தான். தலையை எழுதி அனுப்ப முடியுமா?

"மிச்சத்தையும் படி" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

படித்தேன். "ஒருத்திக்கு என் மூஞ்சி. இன்னொருத்திக்கு எங்க பேக்கரியில என்கூட வேலை செய்றவ மூஞ்சி. அவளுக்கே இன்னும் தெரியாது. எங்க அண்ணன் கண்ல பட்டா என்னை வீட்ல வச்சிருக்க மாட்டான். எடுத்துடுங்க அக்கா. ராலிட்சா."

ஸ்மாரோ உடனே எடுத்துவிட்டாள். ஆனால் நகல்கள் அவள் கையில் இல்லை. பகிர்ந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராக எழுதினாள். அவள் பேச்சுக்குப் பயந்து எல்லோரும் எடுத்தார்கள், ஒருவனைத் தவிர. ராலிட்சாவின் மலையூருக்குச் செய்திப் பக்கம் நடத்தும் கிரில்; 'ரோடோபி' டேக்கில்தான் படம் அவனுக்குச் சிக்கியிருந்தது. போனில் பிடித்தோம், நான் பேசினேன்.

"படம் அருமைங்க. வரைஞ்சவ புனைபேரும் போட்டிருக்கேன். அப்புறம் என்ன?" என்றான் சிரித்துக்கொண்டே. "பார்த்த மூஞ்சியாவே இருக்குன்னு ஊரே சொல்லுது. யார்னு கண்டுபிடிக்க நாளைக்கு ஒரு போட்டி வைக்கப் போறேன்."

ஸ்மாரோவிடம் சொன்னேன். காரணத்தைச் சொன்னால் பெண்ணையே காட்டிக்கொடுத்தது போலாகும். சொல்லாவிட்டால் அவன் எடுக்கமாட்டான். எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

"திருட்டுப் படம்னு சொல்லு" என்றாள். "யார் திருடினான்னு கேட்டா, நான்தான்னு சொல்லு."

"பைத்தியமாடி? நீ கேட்டுத்தானே போட்ட?"

"அவ வேண்டாம்னுதானே சொன்னா. சொல்லு."

சொன்னேன். "சும்மா சொல்றீங்க. அந்தம்மா தன் பக்கத்துலயே அப்படி எழுதட்டும், எடுக்கிறேன்" என்றான் கிரில். திருட்டு என்றதும் குரலில் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

கையில் ஒட்டியிருந்த மெழுகைக்கூடத் துடைக்காமல் எழுதினாள்: 'கப்பல் போர்வைப் படத்தை, வேண்டாம் என்று சொன்ன பிறகும் எடுத்துப் போட்டேன். திருடியது நான். வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். ஸ்மாரோ.' மொழி புரியாமல் வந்த வினை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கச் சொல்லி நான் கெஞ்சினேன். "மொழின்னு எழுதினா எந்த மொழின்னு கேப்பான். பொண்ணு எந்தப் பக்கத்துக்காரின்னு தெரிஞ்சிடும்."

பிறகு வந்தது பாருங்கள், அடைமழை. இத்தனை காலம் இவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் திரும்பக் கொடுத்தார்கள். 'மூலையைப் பார் ஸ்மாரோ' என்று எழுதி எழுதிச் சிரித்தார்கள். 'யார் சட்டை போட்டிருக்கிறாய் இன்று?' என்றான் ஒருவன். பாதிப் பேர் பக்கத்தை விட்டே போய்விட்டார்கள். அவளோ கிரிலின் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். பிறர் பல்லுக்கு நிறம் சேர்க்கிற கை அன்று ஒரு முன்பல்லை உடைத்தது. சாயங்காலம் படம் அங்கிருந்து போனது. அதன்பிறகுதான் அவள் தண்ணீர் குடித்தாள்.

இப்போதும் பக்கம் நடக்கிறது. ஆள் குறைவு. 'நே' என்று யார் பதில் எழுதினாலும் என்னிடம் காட்டிக் கேட்கிறாள், எழுதியது நம் தெருக்காரனாக இருந்தாலும்.

போன வாரம் வேலைக்கு நடுவே அவள் போன் கூவியது. எட்டிப் பார்த்தேன். ராலிட்சாவிடமிருந்து இன்னும் திறக்காத ஒரு படம், கீழே ஒரு வரி: 'உங்களுக்கு மட்டும்.' ஸ்மாரோ போனைத் தன் பக்கம் திருப்பித் திறந்து, வழக்கம் போல மூலையைப் பெரிதாக்கினாள். அங்கே எதைப் பார்த்தாளோ, வெகுநேரம் விரலை எடுக்கவேயில்லை. கண் நிறைந்துவிட்டது.

"என்னடி? நானும் பார்க்கட்டுமா?" என்றேன்.

போனை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டாள். பிறகு தலையை மெல்ல மேலே தூக்கி, நாக்கால் 'ச்சு' என்றாள்.