விசிலக்காவின் தொண்டை

கடற்கரைக் காவல் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு விசிலக்கா என்றே பெயர். கரையில் ஜெல்லி மீன்கள் ஒதுங்கிவிட்டால் ஊதியும் கத்தியும் தொண்டை கட்டிவிடும்; வீட்டில் புருஷனைத் திட்டக்கூடக் குரல் மிஞ்சாது.

அன்றும் ஒருவர் அவள் விசிலைக் காதில் போட்டுக்கொள்ளாமல், "செத்ததுதானே கண்ணு, தூக்கிப் பிடி" என்று மகளைப் படமெடுத்தார். செத்தாலும் கொட்டுகிற ஜாதி அது. குழந்தை வீறிட்டது. ஓடிப்போய்க் கடல்நீரால் அதன் கையைக் கழுவியவளிடம் அவர் எகிறினார்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்து விசிலைக் கழற்றி அவர் கையில் திணித்தாள்.

"அதோ, இன்னொருத்தர் பிள்ளையோட அதுகிட்ட போறார். நீங்களே சொல்லுங்க சார்."

அவர் ஊதினார். கன்னம் உப்ப மறுபடியும் ஊதினார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.