காந்தாரி போட்ட கடலைமிட்டாய்

மறையூர் வெல்லத்தைக் கறுப்பு என்று ஒதுக்கும் பேக்கரிக்காரர்கள் மேல் எனக்குப் பதினைந்து வருடக் கோபம். மலையிலிருந்து என் பிக்கப் வண்டியில் இறக்கிவரும் சரக்கை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மஞ்சளாக இருந்தால்தான் வெல்லமாம்.

மூட்டை மூட்டையாக வாங்கியவர் கொழிஞ்சாம்பாறை மயிலாத்தாள் ஒருவர்தான். நாற்பத்தெட்டு வயது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, இரண்டு அடுப்பு, வேலைக்கு மூன்று பெண்கள், பக்கத்தில் கட்டிய ஓர் எருமை. கடலைமிட்டாய் போடுவார். போன வருடம் கடைகள் ஒவ்வொன்றாக வாங்குவதை நிறுத்தின. பிள்ளைகள் இப்போது புளிப்பும் காரமும் கேட்கிறார்களாம். திருச்சூர் பேக்கரி ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

மயிலாத்தாள் அழவில்லை. “காந்தலூர்ல பேஷன் ஃப்ரூட் கெடைக்குமில்லீங்கண்ணா? ஒரு சாக்கு போட்டுட்டு வாங்க. காந்தாரி மொளகாயும்” என்றார்.

“மிட்டாயில மிளகாயா? கிறுக்கு புடிச்சிருச்சா?”

“உங்களத் திங்கச் சொன்னனா?”

பழச்சாற்றைப் பாகில் ஊற்றினார். புளிப்பு பட்டதும் பாகு இறுகாமல் பிசுபிசுவென்று கிடந்தது. மூன்று தடவையும் அதே கதை. நாலாவது தடவை சாற்றைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி மொட்டைமாடியில் வைத்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடுமா? மூன்றாம் நாள் தோல் மாதிரி காய்ந்துவிட்டது. அதைப் பொடியாக நறுக்கி, காந்தாரித் தூளோடு சேர்த்து, பாகை இறக்கிய பிறகு தூவினார். இந்தத் தடவை மிட்டாய் இறுகி, கண்ணாடி மாதிரி நறுக்கென்று உடைந்தது.

திருச்சூர் பேக்கரிக்குச் சரக்கு எடுக்கும் ஜின்சன் வந்தான். “இதெந்தா சேச்சி, இத்தனை கறுப்பு?”

“வாயில போட்டுப் பாருங்க தம்பி. கண்ணுலயா போடப் போறீங்க?”

மென்றான். காது சிவந்தது. “எரியுது சேச்சி” என்றபடியே இன்னொன்றுக்குக் கை நீட்டினான். மூன்றாவதையும் தின்றுவிட்டு, “வெல்லத்தை மட்டும் மஞ்சளா மாத்தலாமே?” என்றான். மஞ்சளென்றால் என் மூட்டைக்கு இங்கே வேலையில்லை.

“மாத்த மாட்டனுங்க. மஞ்ச வெல்லம் போட்டா நாக்குல காரம் மட்டுந்தான் நிக்கும். வேண்டாட்டி வெச்சுட்டுப் போங்க.”

அவன் நாலாவதை எடுத்தான். “மாத்த வேண்டா, கறுப்பே இருக்கட்டு. ஓணத்துக்கு ஐயாயிரம் பொட்டி.”

அடுத்த வாரம் மூட்டைகளை இறக்கப் போனேன். கொட்டகையில் பதினோரு பெண்கள், நாலு அடுப்பு. என் வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். பாகுக் கரண்டியை விடாமல், திரும்பியும் பாராமல் மயிலாத்தாள் சொன்னார்:

“ஏனுங்கண்ணா, சும்மாதான நிக்கறீங்க? எருமை கத்துது. எனக்குக் கை ஒழியல, தண்ணி காட்டிட்டுப் போங்க.”