ரெண்டாயிரமாம் வருசத்துக் கிட்னி

குத்தாலத்துல எண்ணெ தேச்சு விடுத எனக்கு நம்பர் மட்டுந்தான் வாசிக்க வரும். ரெண்டு கிட்னியும் போன எம் பொண்டாட்டி, தென்காசியில டயாலிசிஸ் ஓடுத நேரம் பூரா பழைய விஞ்ஞான நாவல் ஒண்ண வாசிச்சுக் காட்டுவா. ரெண்டாயிரமாம் வருசம் பஸ்ஸு பறக்குமாம்.

“நாம வார பஸ்ஸு பள்ளத்துல விழுந்து பறக்கத்தானேட்டி செய்யுது?”ன்னேன். சிரிச்சா.

அடுத்த பக்கத்துல, அதே வருசம் மிஷின்லயே புதுக் கிட்னி செஞ்சு மாட்டுதாங்க. புஸ்தகத்த மூடிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

அவ கண்ணசந்ததும் பேனாவ எடுத்து அந்த 2000-த்தத் திருத்துனேன். நடுச் சைபர மூணாக்கி 2030-ன்னு மாத்தணும்னு பாத்தேன், வரல. எட்டாத்தான் ஆச்சு.

முழிச்சுப் பாத்தவ சொன்னா: “2080-ஆ? அதுவரைக்கும் நான் இருப்பேனா? பேசாம பழசாவே விட்டிருக்கலாம்லா.”