ஊதா நாக்கு

அக்கா நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நடுவில் அடர்ந்த ஊதா, நுனியில் ஏறக்குறைய கறுப்பு, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. காலடியில் அவள் பாவாடை மடியிலிருந்து கொட்டிய நாவல்பழங்கள் பாதி நசுங்கி, மண் ஒட்டிக் கிடக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கண்ணாடி போடாவிட்டால் எதிரில் வருகிற ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. அந்த நாக்கு மட்டும் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் தெரிகிறது.

கருங்குழியில் எங்கள் காலனிக்கும் ஏரிக்கும் நடுவில் அந்தத் தோப்பு இருந்தது. காலனியில் யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. குடிசை நின்ற மண்ணுக்கும் தாள் கிடையாது. ஆடிக் காற்றில் தோப்பு முழுக்க நாவல்பழம் கொட்டும். மரத்தில் இருக்கும்வரை அது தோப்புக்காரருடையது, விழுந்துவிட்டால் மண்ணுடையது என்று அக்கா தானாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு. அந்தச் சட்டத்தை நம்பி இரண்டு பேரும் வேலிக்குள் நுழைவோம். தோப்புக் காவல்காரரிடம் வேறு சட்டம் இருந்தது. பழக் காலத்தில் அந்த வழியாகப் போகும் காலனிப் பிள்ளைகளை நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்வார். நாக்கு ஊதாவாக இருந்தால் திருடன். விசாரணை அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. ஓடினேன். மதகுப் பக்கம் தண்ணீரில் இறங்கி, மணலை அள்ளி நாக்கில் வைத்து ரத்தம் கசிகிற மட்டும் தேய்த்தேன். புளியந்தளிரை மென்று துப்பினேன். திரும்பி வந்து வரப்பில் ஏறியபோது காவல்காரர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கொட்டு. அல்லாத்தயும் கொட்டு." அவள் மடியை அவிழ்த்தாள். அப்புறம் நாக்கு. அப்புறம் என்னைக் கூப்பிட்டார். நான் நீட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, பையன் யோக்கியன் என்று முதுகில் தட்டினார். தோப்புக்காரர் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அக்கா அப்படியே நாக்கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது தண்டனை. ஏரியிலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், சிரித்தார்கள். அவளோடு படித்த பிள்ளைகளும் பார்த்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து, என் சுத்தமான நாக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு, பார்த்தேன்.

அதன் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. போனால் 'ஊதா நாக்கு' என்று கூப்பிட்டார்கள். நடவுக்குப் போனாள், களை எடுக்கப் போனாள், பிற்பாடு ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கும் வேலை கிடைத்தது. சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். ஊரில் அதை அடக்கம் என்றார்கள். நான் படித்தேன், அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன், ஊரப்பாக்கத்தில் குடியேறினேன். பரீட்சைக்குப் பணம் கட்ட அவள் தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தபோதும் அந்த மதகு விஷயத்தை நான் சொல்லவில்லை. சொல்லாமலே பழகிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு மீனவக் குப்பத்தை ஒட்டி, சவுக்கு மரங்களோடு சின்னதாக ஒரு மனை வாங்கினேன். எங்கள் பரம்பரையில் பட்டா என்ற தாளை முதலில் கையில் வாங்கியவன் நான்தான். வாங்கிய அன்றே அதை லேமினேஷன் செய்தேன். அப்படிச் செய்யாதீர்கள், பின்னால் சரிபார்க்கக் கஷ்டம் என்று அலுவலகத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன்! தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலி. அடுத்த வாரமே முள்கம்பி வேலி, இரும்பு கேட், உள்ளங்கை அளவு பூட்டு. குப்பத்துப் பெண்கள் பஸ் ஏற அந்த மனை வழியாகத்தான் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், சவுக்குச் சருகு கூட்டி அடுப்புக்கு எடுத்துக்கொண்டும் போவார்கள் என்று விற்றவர் சொன்னார். இனிமேல் சுற்றிக்கொண்டு போகட்டும் என்றேன். நிலம் இல்லாதவனுக்குப் பயம் கிடையாது. கிடைத்தவனுக்குத்தான், நாளைக்கு யாராவது வந்து இது உன்னுடையது இல்லை என்று சொல்லிவிடுவானோ என்று தூக்கம் வராது.

அங்கே ஓர் அறை கட்டி முடித்ததும் அக்காவை முதல்முறையாக அழைத்துப் போனேன். வாசலில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தாள். தம்பி பேரில் நிலம் என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். இலை போட்டுச் சோறு வைக்கும் நேரத்தில், வேலியின் கடற்கரைப் பக்கம் கம்பியை விலக்கிக்கொண்டு ஒரு மீன்காரம்மா உள்ளே வந்து சருகு கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம் மோட்டார் ஒயர் காணாமல் போயிருந்தது. நான் போட்ட சத்தத்தில் எனக்கே தொண்டை கமறியது. அந்தம்மா, சருகுதான் சார் என்றாள். சாக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டியது போதவில்லை. முழுக்கக் கொட்டச் சொன்னேன். கொட்டினாள். சருகைத் தவிர ஒன்றும் இல்லை. வெறும் சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போனாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது இலை முன்னால் அக்கா இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள். அதுவும் கேட் வழியாகப் போகவில்லை. அந்தம்மா போன பக்கமாகவே போய், குப்பத்தைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் ரோட்டுக்கு நடந்திருக்கிறாள். அப்புறம் போன் செய்தால் எடுக்கவில்லை. வயதானால் கோபம் அதிகமாகும் என்று நானே ஒரு காரணம் எழுதிக் கோப்பை மூடிவிட்டேன்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில்தான் ஸ்வீடன் போனேன். பொத்தேரியில் படித்த என் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். கிளம்புவதற்கு முன்னால், என்னோடு காலையில் நடக்க வருகிறவர்கள் ஒரு வேலை கொடுத்தார்கள். திருநெல்வேலிக்கு அல்வா மாதிரி அந்த ஊருக்கு எது ஃபேமஸோ அதை விசாரித்து வர வேண்டும், முடிந்தால் வாங்கியும் வர வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் விஞ்ஞானிகளுக்குப் பரிசு கொடுக்கும் நாடு, நாமே பொருத்திக்கொள்ள வேண்டிய மேஜை நாற்காலியை விற்கும் நாடு, குளிர். மகளின் பக்கத்து வீட்டில் ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டேன். பரிசைச் சொல்வார் என்று நினைத்துத் தலையாட்டத் தயாராக இருந்தேன். அவர், வெளியில் இருக்கிறவர்கள் என்னென்னவோ சொல்வார்கள், எங்களைக் கேட்டால் நடக்கிற உரிமைதான் என்றார். யாருடைய காடாக இருந்தாலும் யாரும் நடக்கலாம், காட்டில் தானாக விளையும் பழத்தைப் பறிக்கலாம். பயிரை மிதிக்கக் கூடாது, வீட்டு முற்றத்துக்குள் போகக் கூடாது, எதையும் நாசம் செய்யக் கூடாது. அவ்வளவுதான். இதை ஒரு பெருமை என்று சொல்கிறாரே, சரியாகப் புரியவில்லையோ என்று மகளைப் பார்த்தேன். புரிந்தது சரிதான் என்றாள்.

மறுநாள் என்னைக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. கணுக்கால் உயரச் செடிகளில் கருநீலமாகச் சின்னச் சின்னப் பழங்கள். ப்ளூபெர்ரி என்றாள் மகள். நான் ரோட்டை விட்டு இறங்கவில்லை. யாருடைய காடு என்று கேட்டேன். யாரோ ஒருத்தருடையது என்றாள். அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கினேன், பறித்தேன். நான்கைந்து வாயில் போட்டேன். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. நாவல்பழத்தின் துவர்ப்பு மட்டும் இல்லை. பக்கத்து வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி, நாக்கை வெளியே நீட்டிக் காட்டினார். ஊதா. அவருக்கு அது ஒரு வேடிக்கை. எனக்குக் கை தானாகப் போய் என் வாயை மூடிக்கொண்டது.

அந்த நேரத்தில் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெரியவர் நாயோடு வந்தார். பக்கத்து வீட்டம்மா அவருக்குக் கை காட்டி, இந்தக் காடு இவருடையதுதான் என்று என்னிடம் சொன்னார். அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. அவர் என் பக்கம் திரும்பியதும் வாளியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டேன். ஒரு பழம்கூட மீதி இல்லாமல் எல்லாம் பாசியில் கொட்டிக் கிடந்தன. வெறும் வாளியோடு நிமிர்ந்து நின்றேன். மகள் "அப்பா" என்றாள். அந்தப் பெரியவர் நான் தவறிக் கொட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டார். முட்டி போட்டு உட்கார்ந்து, தன் காட்டுப் பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் வாளியில் போட ஆரம்பித்தார். அவர் முன்னால் நின்றபோது என் காதில் கொட்டு, கொட்டு என்று ஒரு குரல் கேட்டது. காவல்காரருடைய குரல் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அது சவுக்குத் தோப்பில் கேட்ட என் குரல். அக்கா ஏன் இலையிலிருந்து எழுந்து போனாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூச்சு முட்டுகிறதோ என்று நர்ஸம்மா என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

மகள் அந்தப் பழங்களைக் காய்ச்சி ஒரு பாட்டிலில் ஜாம் ஆக்கிக் கொடுத்தாள். ஊருக்கு வந்ததும் நேராகக் கருங்குழிக்குப் போனேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பிறகும் புடைப்பதை நிறுத்தவில்லை. நான் ஸ்வீடன் கதையைச் சொன்னேன். விழுந்த பழம் மண்ணுக்குச் சொந்தம் என்ற அவள் சட்டத்தை ஒரு நாடே வைத்திருக்கிறது என்றேன். காவக்காரன் கெடையாதா என்று மட்டும் கேட்டாள். கிடையாது என்றேன். பாட்டிலைத் திறந்து, ஸ்பூன்கூட இல்லாமல், விரலால் வழித்து நான் தின்றேன். நாக்கை நீட்டி அவளுக்குக் காட்டினேன். அறுபதைத் தாண்டிய மனிதன் செய்கிற காரியமா என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

"அன்னிக்கு நானும் துன்னேன்கா. மதகுல போயி மணல் போட்டுத் தேச்சிக்கினு வந்தேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்டா. ஒன் பல்லு இடுக்குல அல்லாம் ஊதாவா இருந்துச்சி. அவன் நாக்கத்தான் பாத்தான், பல்லப் பாக்கல. நானு வாயத் தொறந்திருந்தா நீயும் நின்னுகினு இருந்திருப்ப."

ஐம்பது வருஷமாக நான் ஒளித்து வைத்திருந்தது அவளிடம்தான் இருந்திருக்கிறது. அவள் என் நாக்கை இன்னொரு முறை பார்த்தாள்.

"இத எங்கிட்ட காட்டி இன்னா பண்றது? அந்தப் பொம்பளகிட்ட போயி காட்டு."

போனேன். நாக்கை நீட்டவில்லை, வாயால்தான் சொன்னேன். மீன்காரம்மா குப்பத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று நான் செய்தது தப்பு என்றேன். எங்கள் காலனியை, தோப்பை, அக்காவை எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, இதெல்லாம் நல்லாத் தெரிஞ்சுகினுதான் பண்ணியா சார் என்றாள். கேட்டைத் திறந்துவிடுகிறேன், வழக்கம்போல் வாருங்கள் என்றேன். "வேணாம் சார். இப்ப ரோட்டு மேலயே சுத்திக்கினு போறோம். பழகிப்பூட்ச்சி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கெஞ்ச ஓர் இடம் இருந்திருக்கும்.

கேட்டைக் கழற்றிவிட்டேன். கடற்கரைப் பக்கத்து முள்கம்பியையும் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டேன். நடைக்கூட்டத்தில், இவருக்கு வெளிநாடு போய் வந்ததிலிருந்து ஏதோ ஆகிவிட்டது என்கிறார்கள். பழைய பாதையில் புல் முளைத்திருக்கிறது. சவுக்குச் சருகு கூட்டுவாரில்லாமல் கணுக்கால் வரை கிடக்கிறது. காலையில் பெண்கள் கூடையோடு அப்படியே சுற்றிக்கொண்டு போகிறார்கள். கேட் இருந்த இடத்தைத் தாண்டும்போது, இன்னும் பூட்டு தொங்குவதுபோல, இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது எடுக்கிறாள். கேட்டைக் கழற்றியதைச் சொல்லி, ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ, அன்றைக்குப் போட்ட இலை அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள் என்றேன்.

"அந்தம்மா வந்துச்சா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"அது வந்துட்டுப் போவட்டும். அப்பறம் சொல்லு, நானு வரேன்."

அதனால் வாரம் தவறாமல் இங்கே வந்து, கேட் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெயில் ஏற ஏற நாற்காலியை மரத்தடிக்கு நகர்த்திக்கொள்கிறேன். அன்றைக்குத் தோப்புக்காரர் குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வரும்வரை அக்கா நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு உட்கார நாற்காலி இருக்கிறது.