மெஷினுக்குள் நின்ற காத்து

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர வருமா, பெரிய ற வருமா என்பதில் இன்றும் தடுமாறுவேன். வாயால் சொல்லிவிடலாமே என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

அரியலூரில் ஒரு அக்கா நடத்தும் சலவைக் கடையில் வேலை செய்கிறேன். கல்யாண மண்டபங்களின் மேசை விரிப்பும் நாற்காலி உறையும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. எல்லாம் வெள்ளை. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டோரம் வெள்ளைத் துணியைக் காயப்போட்டால், எடுத்ததும் மறுபடி துவைக்க வேண்டியதுதான். அதனால் துணி காய வைக்கும் மெஷின் ஒன்றை அக்கா வாங்கிப் போட்டார்.

அந்த மெஷின் சூடான ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். அதன் முதுகுப் பக்கமே ஒரு ஜன்னல் உண்டு. ஆனால் அது கன்னி மூலை. அனல் அக்னி மூலை வழியாகத்தான் போக வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் சொல்லிவிட்டார். ஆகவே மடிப்பு மடிப்பான வெள்ளிக் குழாய் சுவரேறி, பீரோவைச் சுற்றி, சாமி படத்துக்குக் குனிந்து, கழிவறைக்கு மேலே திரும்பி, ஒருவழியாக அக்னி மூலையில் போய் வெளியேறியது. பெரம்பலூர் பஸ்கூட இத்தனை வளைவு வளையாது.

அந்த ஐப்பசியில் ஒரு நாள், மறுநாள் கல்யாணத்துக்கான நாற்காலி உறைகள் சாயந்தரத்துக்குள் மண்டபம் போய்ச் சேர வேண்டியிருந்தது. காலையிலிருந்து மெஷின் ஓடியும் அவை இட்லித் துணி போல ஆவி விட்டுக்கொண்டிருந்தன. அக்கா ஒன்றை எடுத்துப் பிழிந்தே காட்டினார்.

"இன்னைக்குக் காயலன்னா இந்தச் சனியனப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுவேன். நீயும் வேற எடம் பாத்துக்க தம்பி."

எனக்கு வேறு இடம் ஏது? குவாரிக்குப் போகும் வயது தாண்டிவிட்டது. தரையைப் பார்த்தபடி சொன்னேன். "அக்கா, மெஷின்ல காத்து நிக்குதுங்க. வெளிய போவ வழியில்லாம உள்ளயே சுத்துது."

அக்காவின் முகம் வெளுத்தது. "காத்தா? எனக்கு அப்பவே தோணுச்சு. செவ்வாக்கெழம உச்சி நேரத்துல எறக்குனது!"

எங்கள் பக்கம் வீசுவதும் காத்துதான், பேயும் காத்துதான். நான் சொன்னது எது என்று விளக்குவதற்குள் அக்கா பூசாரிக்குப் போன் போட்டுவிட்டார்.

பூசாரி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் உடுக்கை, வேப்பிலை, மண்கலயம். மெஷினின் கண்ணாடிக் கதவில் வேப்பிலையால் ஓங்கி அடித்தார்.

"யாரு நீ? எந்த ஊரு? சொல்லு!"

அந்த நேரம் பார்த்து மெஷின் ஓடி முடித்து, பீப் பீப் என்றது.

"பேசுது!" என்று அலறினார் அக்கா.

"ஆம்பளையா, பொம்பளையா?"

சத்தமில்லை.

"வெக்கப்படுது. அப்ப பொம்பளதான்" என்றார் பூசாரி. ஆம்பளையும் வெட்கப்படுவான் என்று நான் சொல்லவில்லை.

சாம்பிராணிக்கு நெருப்பு எடுக்க அக்கா உள்ளே போனார். இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது. பூசாரியின் காதருகே போனேன்.

"சாமி, அந்தக் காத்து இல்லீங்க, வீசுற காத்துங்க. கொழா நீளம், வளைவு ஜாஸ்தி. உள்ள பஞ்சு வேற அடைச்சிருக்கு. ஜன்னல் வழியா நேரா விட்டா காஞ்சிடும். நான் சொன்னா அக்கா ஒத்துக்க மாட்டாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"கூச்சமா இருந்துச்சுங்க."

அக்கா வந்ததும் உடுக்கை அதிர்ந்தது. "தாயீ! அதுக்கு நேர் வழி வேணுமாம். வளைஞ்சு வளைஞ்சு போவ முடியலையாம். ஜன்னலத் தொறந்தா ஒரேடியாப் போயிடுதாம்!"

"அது கன்னி மூலையாச்சே சாமி?"

"காத்துக்கு ஏதும்மா வாஸ்து?"

அக்காவே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தார். பஞ்சுப் பக்கம் நெருப்பு வேண்டாம் என்று சாம்பிராணித் தட்டை வாசலுக்குத் தள்ளி வைத்துவிட்டு, நீளக் குழாயைக் கழற்றி உதறினேன். ஆட்டுக்குட்டி பருமனில் சாம்பல் நிறப் பஞ்சு ஒன்று தொப்பென்று விழுந்தது. அக்கா நாற்காலி மேல் ஏறிவிட்டார். பூசாரியும் ஏறத்தான் பார்த்தார். பிறகு தொழில் ஞாபகம் வந்து, அதன் மேல் பாய்ந்து, அமுக்கிக் கலயத்தில் திணித்து, மஞ்சள் துணியால் வாயைக் கட்டினார்.

"மாட்டுனியா! கொள்ளிடத்துல விட்டுட்டுத்தான் சோறே திம்பேன்."

நான் ஜன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, மழமழவென்றிருந்த தகரக் குழாய்த் துண்டு ஒன்றை நேராகச் செருகி, சுற்றி இருந்த இடைவெளியைப் பலகையால் அடைத்தேன். மெஷினைப் போட்டதும் வெளியே மதிலில் படுத்திருந்த பூனைக்கு முடியெல்லாம் பின்னால் சீவிவிட்டது போல ஆயிற்று. அது எழுந்து போய்விட்டது.

உறைகள் அப்பளம் போலக் காய்ந்தன. பொழுது சாய்வதற்குள் மண்டபத்தில் இறக்கினோம். மேனேஜர் ஒன்றை மோந்து பார்த்து, "என்னங்க, சாம்பிராணி வாசன?" என்றார். "நம்ம கடை ஸ்பெஷலுங்க" என்றார் அக்கா, கண் சிமிட்டாமல்.

மெஷினும் போகவில்லை, நானும் போகவில்லை. எந்தச் சலவைக் கடையில் துணி காயவில்லை என்றாலும் அக்கா பூசாரியின் நம்பரைத்தான் கொடுக்கிறார். பூசாரி உள்ளே நுழையுமுன் எனக்குப் போன் போடுகிறார். இன்று பெரம்பலூரிலிருந்து பேசினார். "தம்பி, இங்க கொழா மாடிக்குப் போயி எறங்குது. அது என்ன கேக்குதுன்னு சொல்லட்டும்?"

மாடி வேண்டாமாம், பக்கத்துச் சுவர் வழியாக நேர் வழி கேட்குது என்று சொல்லச் சொன்னேன்.

பங்குனி ஏழு, வெள்ளிக்கிழமை.