மன்னூபியாவின் ஆறு புள்ளிகள்

பாலைவன ஊரான தோசரின் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனை அறையில் இருபத்தாறு வருடமாக ரத்தம் எடுத்துக் குப்பை கொட்டுகிறவள் மன்னூபியா. வாய் கொஞ்ச நஞ்சமல்ல. "விரலை நீட்டச் சொன்னா மூஞ்சிய நீட்டறே?" என்று ஓர் அதட்டல் போட்டால் போலீஸ்காரர்கூட அடங்கி உட்காருவார்.

பேரீச்சை அறுவடை சமயம் பார்த்து, உள்ளங்கைக்குள் அடங்கும் சர்க்கரைக் கருவிகள் வந்து இறங்கின. விரலில் ஒரு சொட்டு, ஐந்தே நொடியில் எண். இளம் டாக்டர் காஸிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெறும் வயிற்றில் வந்த நாற்பது பேருக்கு மன்னூபியாவைக் கொண்டே முதலில் கை நரம்பிலும், உடனே விரல் நுனியிலும் ரத்தம் எடுக்கவைத்து ஒப்பிட்டார்.

"பாருங்கக்கா, உங்க ஆய்வக எண் ஏறினா இதுவும் ஏறுது, இறங்கினா இறங்குது. நூத்துக்குத் தொண்ணூத்தாறு! இனிமே இதை நம்பியே மருந்து கொடுக்கலாம்."

"நானும் என் தங்கச்சியும்தான் சேர்ந்தே வளர்ந்தோம். அதுக்காக அவ சட்டை எனக்கு நுழையுமா டாக்டர்?"

சொன்னதோடு விடவில்லை. கட்டம் போட்ட தாளை எடுத்தாள். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்களின் வித்தியாசத்தை மேல்வாக்கிலும் சராசரியைப் பக்கவாட்டிலும் வைத்துப் புள்ளி குத்தினாள். முப்பத்துநாலு புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டிச் சமர்த்தாகக் கிடந்தன. ஆறு மட்டும் கூரையில் போய் ஒட்டிக்கொண்டன. அதில் ஒன்று பெல்காசிம் பெரியவர். ஆய்வகம் 158 என்றது, கருவி 262 என்றது.

மன்னூபியாவுக்குப் பகீரென்றது. ஆய்வக எண் வருவதற்குள், கருவியை நம்பி டாக்டர் அன்று காலைதான் அவருக்கு இன்சுலினை ஏற்றி எழுதியிருந்தார். ஊசியைப் போட்டுக்கொண்டு மனுஷன் மதியம் குலை அறுக்கப் பேரீச்ச மரத்தின் உச்சியில் நிற்பார். சர்க்கரை சடாரென்று இறங்கி அங்கே மயக்கம் வந்தால்?

பெல்காசிம் மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தார். கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"உங்க பொம்மை பொய் சொல்லுது டாக்டர்! ஆறு பேரைக் கொல்லப் பாக்குது!"

காஸி தாளை உற்றுப் பார்த்து, அந்த ஆறு பேரின் பெயர்களையும் வாய்விட்டுப் படித்தார். "ஏன் இந்த ஆறு பேர் மட்டும்? இவங்களுக்குள்ள என்ன ஒத்துமை?"

"எனக்கென்ன தெரியும்?" என்று சீறினாள்.

"எனக்குத் தெரியும்," என்றார் பெல்காசிம் வெள்ளந்தியாக. "இந்த ஆறு பேருக்கும்தான் மன்னூபியா பேரீச்சம்பழம் கொடுப்பா. நரம்புல எடுத்ததும், 'பசியோட வந்திருக்கே, வாயில போடு'ன்னு கையில திணிப்பா. மத்தவங்களுக்குத் திட்டு மட்டும்தான்."

மன்னூபியாவின் முகம் சிவந்தது. அவர்கள் பழத்தைப் பிட்ட பிசுபிசு விரலைத்தான் அவள் குத்தியிருக்கிறாள். பஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தால் அந்தப் பாகு போய்விடுமா? ஐயோ, கருவி பாவம், பொய் சொன்னது தன் கைதான்!

பெரியவரைக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். சோப்புப் போட்டு ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். நரம்பில் ஒருமுறை, விரலில் ஒருமுறை. ஆய்வகம் 166 என்றது, கருவி 171.

காஸி மருந்துச் சீட்டைக் கிழித்தார். "அறிக்கையில என்னன்னு எழுதறது அக்கா?"

"தப்பு மன்னூபியாவோடதுன்னு எழுதுங்க. என் முழுப் பேரும் போடுங்க."

"மன்னிச்சிடு பெரியப்பா," என்று அவள் முணுமுணுத்தாள். இருபத்தாறு வருடத்தில் அந்த அறை கேட்காத வார்த்தை அது.

"அதெல்லாம் கிடக்கட்டும்," என்றார் அவர், ஈரக் கையை உதறிக்கொண்டு. "ஊர்ல இத்தனை பேர் இருக்க, உனக்குப் பிடிச்சது ஆறே ஆறு பேர்தானா?"