போர்போரிக்மஸ் ராஜா

எங்கள் தெருப் பல் மருத்துவருக்கு ஊரார் வைத்த பெயர் அகராதி டாக்டர். கைராசிக்காரர்தான். ஆனால் யாராவது வாயைத் திறந்தபடி படுத்துவிட்டால் போதும், அவருக்குள் சொற்களின் வரலாறு பொங்கிவிடும். எதிர்த்துப் பேச முடியாத சபை வேறு எந்த அறிஞருக்கு வாய்க்கும்? தசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'மஸில்' லத்தீன் மொழியில் சுண்டெலிக்கான சொல்லிலிருந்து வந்தது, தோலுக்கடியில் எலி ஓடுவதுபோலத் தசை அசைகிறதல்லவா என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், மரத்துப்போன தாடைக்கு உணர்வு திரும்பிவிடும். மறுபடியும் ஊசி.

நோயாளிகள் ஒவ்வொருவராக எதிரிலிருந்த புது கிளினிக்குக்கு நகர்ந்தார்கள். வரவேற்பு மேஜையைக் கவனித்துவந்த மனைவி ஒரு காலையில் தீர்ப்புச் சொன்னார்.

"இனிமே ஒரு வார்த்தைக்காவது பூர்வீகம் சொன்னீங்க, மறுநாளே நான் எதிர் கிளினிக்ல போய் உக்காந்துடுவேன். அங்க ஆள் கேட்டிருக்காங்க."

"வாயே திறக்க மாட்டேன்."

"திறக்க வேண்டியது வர்றவங்கதான்."

முதலில் வந்தவர் லாரி ஓட்டுநர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். டாக்டர் எட்டிப் பார்த்தார். பேசவில்லை. விளக்கைத் திருப்பிவைத்துப் பார்த்தார். அப்போதும் பேசவில்லை. வருடக்கணக்காக இவரிடம் வரும் ஓட்டுநருக்கு வியர்த்துவிட்டது.

"என்ன டாக்டர், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க? பெரிய வியாதியா?"

டாக்டர் கனிவாகத் தலையை மட்டும் அசைத்தார். அது ஆமாமா இல்லையா என்று யாருக்கு விளங்கும்?

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்று ஓட்டுநர் இறங்கிச் செருப்பைத் தேடினார். பயத்தில் அவர் வயிறு வாசல்வரை கேட்கும்படி உறுமியது.

அந்த உறுமலுக்கு மருத்துவத்தில் போர்போரிக்மஸ் என்று பெயர். டாக்டரின் உதடு துடித்தது. அதற்குள், மிச்சமிருக்கும் நோயாளியும் போய்விடுவாரே என்று மனைவி ஓடிவந்துவிட்டார்.

"உக்காருங்கண்ணே. இப்ப வயிறு கத்துச்சே, அதுக்குப் பேரு போர்போரிக்மஸ். அவரு ஒரு கிரேக்க ராஜா. பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்டு சாப்பிடாமப் படுத்தாராம். வயிறு போட்ட சத்தத்துல எதிரிப் படையே திரும்பி ஓடிருச்சாம்."

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். "நெசமா டாக்டர்?"

ராஜாவும் கிடையாது, படையும் கிடையாது. வயிற்றின் சத்தத்தைக் காதில் விழுந்த மாதிரியே கிரேக்கர்கள் சொல்லாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரித் தப்பை டாக்டர் சொந்த மாமனாரிடம்கூட மன்னித்ததில்லை. இடுக்கியை எடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றார். "நல்ல ராஜா."

பல் வந்துவிட்டது. அன்றுமுதல் அந்த கிளினிக்கில் பிடுங்குவது கணவர், வரலாறு மனைவி. கூட்டத்துக்குக் குறைவில்லை. ராஜாவுக்கு இதற்குள் இரண்டு மகன்களும் ஒரு யானையும் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.